டிரைவரில் கை வைக்குமுன்

பெரியபாளையத்தில் வீட்டுக்கே பிரிண்டர் வாங்கிவிட்ட தம்பி தங்கச்சிகளுக்கு. ஆடி ஞாயிற்றில் பவானி அம்மன் கோயில் கூட்டத்தைத் தாண்டி ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருவது பெரும்பாடு, வாங்கியது நியாயம்தான். ஆனால் விடிந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்டர்வியூ, ராத்திரி பயோடேட்டா வெளியே வரவில்லை என்றதும் எல்லாரும் பிரிண்டரின் டிரைவர் சாஃப்ட்வேரை அழிக்கத்தான் ஓடுகிறீர்கள். கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

1. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு பிரிண்டரைப் பாருங்கள். ஸ்கேனர் உள்ள மெஷின் என்றால் கண்ணாடிமேல் ஒரு தாளை வைத்து காப்பி பட்டனை அமுக்குங்கள். நகல் வந்தால் மெஷினில் குறையில்லை. வராவிட்டால் எத்தனை டிரைவர் மாற்றினாலும் வராது.

2. யூஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். எப்போதும் ஒரே ஓட்டையில் சொருகுங்கள். இடம் மாற்றினால் சில பிரிண்டர்கள் பட்டியலில் 'காப்பி 1' என்று புதிதாக முளைக்கும். நீங்கள் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். அது 'ஆஃப்லைன்' என்று சாதிக்கும்.

3. வைஃபையில் இணைத்தவர்களுக்கு: வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும், 5 அவற்றின் கண்ணில் படாது. இன்னொன்று, கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி எண் கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடும். பிரிண்டரின் நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அச்சிட்டு, கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் 'போர்ட்ஸ்' பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் புது எண்ணில் போர்ட் சேர்த்து, ரவுட்டரில் அந்த எண்ணை பிரிண்டருக்கே ஒதுக்கிவிடுங்கள்.

4. அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். அனுப்பிய வேலைகள் எல்லாம் ஸ்பூலரில் வரிசை கட்டி நிற்கும். கோயில் க்யூ மாதிரி, முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் யாருக்கும் தரிசனம் இல்லை. அது புரியாமல் 'பிரிண்ட்' பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். அடைப்பு நீங்கியதும் அத்தனை நகலும் வந்து விழும். அடைப்பை நீக்க, விண்டோஸில் 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலரை' நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கிருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. பிறகு ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள்.

5. 2015 நவம்பர் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10 தானே டிஃபால்ட் பிரிண்டரை மாற்றிக்கொள்கிறது. கேட்காத உதவி. செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

6. இவ்வளவும் பார்த்தும் வரவில்லையா, இப்போது டிரைவர். பழையதை முழுக்க நீக்கிவிட்டு, பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் பெயரை எழுத்து பிசகாமல் அடித்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக் காக்களூரில் 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த பழைய இலவச லேப்டாப் என்றால் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கலாம். ஒன்றில் போட்ட டிரைவர் மற்றதில் செல்லாது. அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் பயப்படாதீர்கள். 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2021-ல் மைக்ரோசாஃப்ட் வைத்த காவல் அது.

தேடலில் மேலே வரும் விளம்பரத்தில் 'பிரிண்டர் ஹெல்ப்லைன்' என்று போன் நம்பர் இருந்தால் தொடவே வேண்டாம். போனை எடுப்பவன் ஸ்க்ரீனைப் பகிரச் சொல்வான், பிறகு கை பேங்க் கணக்குக்குப் போகும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

7. தமிழ் எழுத்து மட்டும் கட்டம் கட்டமாக வருகிறதா? பெரும்பாலும் டிரைவர் குற்றமில்லை, ஃபான்ட் சமாச்சாரம். பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நீங்களும் அதிலேயே அடித்து பிடிஎஃப் ஆக்குங்கள். அதற்கும் வராவிட்டால் பிரிண்ட் செய்யும் இடத்தில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்று டிக் போடுங்கள், வந்துவிடும்.