புதுப்பேட்டையில் பேரம் பேசுவது எப்படி?

என் பழைய மாருதி 800-க்கு ஆல்டர்னேட்டர் போய்விட்டது. சென்னை புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். விலை தெரியாமல் ஏமாந்துவிடுவேனோ? – வாசகர், தாம்பரம்

தைரியமாகப் போங்கள். கிளம்பும் முன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் புதிய ஆல்டர்னேட்டரின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்துக்கு அதில் பாதிக்கு மேல் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் பழைய ஆல்டர்னேட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். 800-இல் கார்புரேட்டர் வண்டியும் உண்டு, எம்.பி.எஃப்.ஐ. வண்டியும் உண்டு; அதனால் போல்ட் துளை, புல்லி, பிளக் மூன்றும் பொருந்துகின்றனவா என்று அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம். இன்னொரு லாபமும் இருக்கிறது. பழசின் உள்ளே இருப்பது செம்புக் கம்பி, அதற்கும் விலை உண்டு. விலை ஓரளவு படிந்தபின், "பழசை எடுத்துக்கொண்டு எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பழசைக் கொடுக்கப்போவதாக முதலிலேயே சொன்னால் அதையும் சேர்த்து விலையை ஏற்றிச் சொல்வார்கள்.

மூன்று நான்கு கடை ஏறி இறங்குங்கள். முதல் விலையைக் கடைக்காரர் சொல்லட்டும். புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, வேண்டாம்.

கடைசி நூறு ரூபாய்க்காக மல்லுக்கட்டாதீர்கள். அதற்குப் பதிலாக, "சார்ஜ் ஏறாவிட்டால் ஒரு வாரத்தில் மாற்றித் தரப்படும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் வம்பு உங்களுக்கு. மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்கள், 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும்.