வெளிநாட்டில் எங்கே தங்குவது?

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாட்டில் அறை தேடுகிறவர் அறையைப் பார்ப்பதற்கு முன் அது இருக்கும் பேட்டையைப் பார்க்க வேண்டும். கட்டிலும் குளியலறையும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் வேலைக்குப் போய்ச் சேரலாம், ராத்திரி எத்தனை மணிவரை பயமில்லாமல் திரும்பி நடக்கலாம், பசித்தால் எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் பேட்டையைப் பொறுத்தவை. புக்கிங் தளங்கள் அறையின் படத்தைப் பெரிதாகவும் வரைபடத்தைச் சின்னதாகவும் காட்டும். பயணி இதைத் தலைகீழாக்கிப் பார்ப்பது நல்லது.

இதற்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டாம். மாலத்தீவிலிருந்து சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வருகிறவர்கள் பல ஆண்டுகளாகக் குமாரபுரம், மெடிக்கல் காலேஜ் பக்கமாகத்தான் வீடு பிடிக்கிறார்கள். கோவளம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல். விடுதிகளுக்கு அங்கே பஞ்சமில்லை, கடலும் உண்டு. ஆனால் கடல் பார்ப்பதற்காக மாலத்தீவுக்காரர் யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரம், சொந்தச் சமையலுக்கு ஓர் அடுப்படி, பக்கத்திலேயே தங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர்: வந்த காரியத்துக்கு வேண்டியது அவ்வளவுதான், அதைப் பார்த்துப் பேட்டையைத் தேர்ந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் இடம் தேடும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் இந்த நகரத்தில் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நேராகப் பறந்து போகக்கூடிய ஊர்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். கோலாலம்பூரில் தமிழ்ப் பயணிக்கு ஏற்ற பேட்டை பிரிக்ஃபீல்ட்ஸ். நகரத்தின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் அதை ஒட்டியே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் அரை மணியில் அங்கே இறங்கலாம், பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே விடுதிக்குப் போகலாம். வாழையிலைச் சாப்பாடும் கோயிலும் தமிழ் பேசும் கடைக்காரரும் அங்கே உண்டு. வானளாவிய இரட்டைக் கோபுரங்களைப் பார்த்தபடி நகர மையத்தில் தங்குவது படம் எடுக்க நன்றாக இருக்கும், பணமும் அதற்கேற்றபடி.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் தேக்கா சந்தையும் இருக்கும் லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடுகளைச் சின்ன ஹோட்டல்களாக மாற்றியிருக்கிறார்கள். இட்லி கிடைக்கும், எம்.ஆர்.டி. ரயில் பக்கம். இரண்டு சங்கதிகளை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மலிவான அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. விவரக் குறிப்பில் அது ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். வாரம் முழுக்க உழைத்த தொழிலாளர்கள் ஞாயிறு மாலையில் அந்தத் தெருக்களில்தான் கூடுகிறார்கள். கூட்டமும் பேச்சும் பிடித்தவருக்கு அது திருவிழா. சீக்கிரம் தூங்க வேண்டியவர் ஒரு ரயில் நிறுத்தம் தள்ளி அறை எடுப்பது மேல்.

கொழும்பில் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தமிழருக்குப் பழகிய இடங்கள். சைவச் சாப்பாட்டுக் கடைகள், கோயில்கள், கடலோர ரயில் பாதை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் கட்டுநாயக்க விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, வெள்ளவத்தையோ நகரத்தின் தெற்கு ஓரம். நள்ளிரவில் இறங்குகிறவர், அல்லது விடியற்காலையில் ஏறுகிறவர், அந்த ஓர் இரவை விமான நிலையத்துக்குப் பக்கமான நீர்கொழும்பில் கழித்தால் தூக்கமும் டாக்ஸிக் காசும் மிச்சம். மாலத்தீவிலும் இதே கணக்குத்தான், அங்கே கார் போய்ப் படகு வரும். சுற்றுலாத் தீவுகளில் மட்டுமே பயணிகள் தங்கலாம் என்ற பழைய நிலை 2009க்குப் பிறகு மாறி, மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சின்ன விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. அவை மலிவு. ஆனால் சாயங்காலம் இறங்குகிறவருக்குத் தூரத் தீவுக்குப் படகு கிடைக்காமல் போகலாம், அன்றிரவு ஹுல்ஹுமாலேயில் ஓர் அறை எடுத்துத்தான் ஆக வேண்டும். குடியிருப்புத் தீவுகளில் மது கிடையாது, உடையிலும் கட்டுப்பாடு உண்டு. துபாய்க்குப் போகிறவருக்கு கராமா இருக்கிறது. பெயரில் கரமனைக்கு ஓர் எழுத்துதான் குறைவு. மலையாளிக் கடைகளின் கூட்டத்தைப் பார்த்தால் அந்த எழுத்தும் குறையவில்லை என்றே தோன்றும்.

பேட்டை முடிவானபின் எந்த வகை இடம் என்ற கேள்வி. இதில் பிறப்பும் சாதியும் பேசிய காலம் ஒன்று இருந்தது. 1949இல் கொச்சியோடு இணையும்வரை திருவிதாங்கூர் தனி ராஜ்ஜியம். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர் ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி தாண்டி, சக்கரம் என்ற வேறு நாணயத்தில் செலவு செய்து, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், பாப்பனங்கோடு வழியாகக் கரமனை ஆற்றைக் கடந்து நகருக்குள் நுழைய வேண்டும். பிராமணப் பயணிக்கு அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு இருந்தது. ஆற்றங்கரை அக்ரகாரத்தில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையும் இருந்தது. மற்றவர்களுக்கு வழியம்பலமும் சத்திரமும், அங்கேயும் யார் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்ற கணக்கோடு. பணம் கொடுத்தால் யாருக்கும் அறை என்ற இன்றைய ஏற்பாட்டில் கருணை குறைவாக இருக்கலாம், நியாயம் அதிகம்.

இன்றைக்கு இருக்கும் வகைகளில் ஹோட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நட்சத்திரக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு, அதற்கு உலகப் பொது அளவுகோல் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒரு நாட்டின் மூன்று நட்சத்திரம் இன்னொரு நாட்டில் லாட்ஜாக இருக்கும். இளைஞர்களுக்கு ஹாஸ்டல் நல்ல வழி. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர் மாணவர்களுக்காக 1912இல் ஆல்டெனா கோட்டையில் தொடங்கிய விடுதியிலிருந்து வந்த மரபு அது. ஓர் அறையில் ஆறு, எட்டு, பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை, பலவற்றில் பொதுச் சமையலறையும் உண்டு. பூட்டு சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். பெண்களுக்குத் தனி டார்மிட்டரி இருக்கிறதா என்று முன்பே கேட்க வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பொதுச் சமையலறை ஒன்றுக்காகவே ஹாஸ்டல் உகந்தது. ஹோட்டல் அறையில் ரகசியமாக இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சாதம் வடிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம்: புகை அலாரம் அடித்தால் அபராதம் நிச்சயம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட்தான், 230 வோல்ட்டுக்குச் செய்த நம் அடுப்பு அங்கே உருப்படியாக வேலை செய்யாது.

சங்கங்கள் நடத்தும் விடுதிகள் இன்னொரு வகை. லண்டனில் இந்திய மாணவர்கள் தங்க இடமில்லாமல் அலைந்த காலத்தில், 1920இல், அவர்களுக்காக ஒரு விடுதியைத் தொடங்கியவர் சேலத்தில் பிறந்த கே.டி. பால். இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. என்ற பெயரில் அது ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இன்றும் நடக்கிறது. ஊருக்குப் புதிதாகப் போகும் மாணவர் முதல் இரண்டு வாரத்துக்கு இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, நிரந்தர அறையை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். போகும் முன்பே ஆறு மாத வாடகையைக் கட்டிவிடுவதில்தான் மோசடிக்காரர்களுக்கு வரும்படி.

கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன கதையில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. 1914 ஏப்ரலில் லண்டனில் இறங்கியவர் முதலில் 21, குரோம்வெல் ரோடில் இந்திய மாணவர்களுக்கான வரவேற்பு இல்லத்தில் சில நாள் இருந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் கணித ஆசிரியர் நெவில் வீட்டில் சில வாரங்கள். அதன் பிறகே டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல்ஸ் கோர்ட்டில் தனக்கென்று அறை. அவரை வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி இருந்த இடத்துக்கு அங்கிருந்து சில நிமிட நடைதான். சமையலும் அந்த அறையிலேயே. வேலைக்கு அருகில், தன் கையால் சமைத்துச் சாப்பிட வசதியோடு என்ற இரண்டையும் அவர் சரியாகப் பிடித்திருந்தார். ஆனால் குளிர் அவரை வாட்டியது. ராத்திரி ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார். கம்பளி போதவில்லையா என்று பார்க்க உள்ளே போன நண்பர் பி.சி. மஹலனோபிஸ் கண்டது வேறு: கம்பளிகள் மெத்தைக்கு அடியில் செருகி ஒழுங்காக விரிக்கப்பட்டிருந்தன, மேலே ஒரு விரிப்பு. கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல் ராமானுஜன் அந்த விரிப்புக்கு அடியில் மட்டும் படுத்திருந்தார். கணிதத்தில் யாரும் கிட்ட வர முடியாதவருக்கு இதைச் சொல்லித்தர ஒருவர் வேண்டியிருந்தது. ஹீட்டர் எப்படிப் போடுவது, வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திருகுவது, வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளுமா என்று சேர்ந்தவுடனே வரவேற்பில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உறவினர் வீடு எப்போதும் முதலில் நினைவுக்கு வரும், கரமனையில் எந்த வீட்டுக்கும் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ ஒரு சித்தப்பா இருப்பார். செலவு மிச்சம், சாப்பாட்டுக் கவலை இல்லை. ஆனால் அங்கே அவர்கள் இரண்டு அறை வீட்டில் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள். நாலு நாளுக்கு மேல் தங்குகிறவர் தேதியை முன்பே சொல்லிவிட வேண்டும், சொன்ன தேதியில் கிளம்பவும் வேண்டும். சட்டமும் குறுக்கே வரும். ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர் தன் ஊர் நகரமன்றத்தில் அதற்கான சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். விசாவுக்கு மட்டும் 'டம்மி' புக்கிங் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டுகளை நம்பவே கூடாது. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய உண்மையான புக்கிங் பல தளங்களில் கிடைக்கும்போது பொய்ச் சான்று எதற்கு?

தனியார் வீடுகளை நாள் வாடகைக்கு எடுப்பதில்தான் சட்டச் சிக்கல் அதிகம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக் கூடாது, அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு ஆறு மாதம். வாரத்துக்கு ஃபிளாட் தருகிறேன் என்று அங்கே யாராவது விளம்பரம் செய்தால் அது சட்டவிரோதம். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைந்த வாடகையானால் வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், உடன் தங்கவும் வேண்டும். ஜப்பானில் 2018 சட்டப்படி இப்படி ஒரு வீட்டை ஆண்டுக்கு 180 நாள் மட்டுமே விடலாம், பதிவு எண்ணும் உண்டு. அந்த எண் விளம்பரத்தில் இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் பாஸ்போர்ட் நகல் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். கரமனையில் ஒரு வெளிநாட்டு நண்பரைத் தங்க வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது இங்கே வீட்டுக்காரரின் கடமைதானே.

பணக் கணக்கைக் கடைசியில் போடுவது சரி, ஆனால் முழுதாகப் போட வேண்டும். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி. 9 சதவீதமும் சேரும். 100 வெள்ளி என்று போட்ட அறை 119.90 வெள்ளியாகும். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. மாலத்தீவில் 2025 முதல் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், சின்ன விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். நாலு பேர் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. ஊருக்கு வெளியே மலிவான அறை எடுத்தவர் தினமும் கொடுக்கும் ரயில் காசையும் வாடகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் லாபம் கரைந்துவிடும், நேரம் போனது தனி.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 12ஆம் தேதி அதிகாலை ஐந்து மணிக்கு இறங்குகிறவருக்கு 12ஆம் தேதி அறை மதியம் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோதான் கிடைக்கும். இறங்கியதும் படுக்க வேண்டுமென்றால் 11ஆம் தேதி இரவுக்கே புக் செய்து, விடிகாலையில் வருவதாக விடுதிக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவில்லை என்று அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அல்லது பெட்டியை வரவேற்பில் போட்டுவிட்டு வெளியே சுற்றலாம். அதற்கு அனுமதி உண்டா என்று ஒரு மின்னஞ்சல் போதும்.

விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்த நாட்டு எழுத்திலும் வாங்கிக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குடிநுழைவு அதிகாரியும் கேட்பார், டாக்ஸிக்காரரும் கேட்பார், செல்போன் சார்ஜ் அந்த நேரம் பார்த்துத்தான் தீரும். அதன் நகல் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
மாமா