சீல் கொழுப்பு: கேள்விப்பட்டதும் உள்ளதும்

நம்பிக்கை: சீல் வேட்டை தோலுக்காக மட்டும்தான்.

19ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பிய வேட்டைக் கப்பல்களுக்கு எண்ணெயும் பெரிய வரும்படி. விளக்கெரிக்க, தோல் பதனிட, சோப்பு காய்ச்ச என்று அது விலைபோனது. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்களுக்கோ கொழுப்பு இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டவே முடிந்ததில்லை. மரம் முளைக்காத நிலத்தில் விறகுக்கு எங்கே போவது? மாக்கல்லை அரைவட்டமாகக் குடைந்த விளக்குக்கு குல்லிக் என்று பெயர். கொழுப்பைத் தட்டி நசுக்கினால் எண்ணெய் இறங்கும். பாசியும் பருத்திப்புல்லின் பஞ்சும் கலந்து விளிம்போரம் திரியாகப் பரப்பினார்கள். வீட்டுப் பெண் சிறு குச்சியால் அதை நீவிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. விட்டால் புகை மண்டிவிடும். பனி உருகிக் குடிநீரானதும், கறி வெந்ததும், நனைந்த சீல்தோல் காலணி காய்ந்ததும் அந்தச் சுடரில்தான்.

நம்பிக்கை: காய்கறி இல்லாததால் இனுயிட் மக்களுக்கு, வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வந்திருக்கும்.

சீலின் ஈரலிலும் திமிங்கிலத் தோலிலும் வைட்டமின் சி உண்டு. பச்சையாகத் தின்றதால் அது வீணாகவில்லை.

நம்பிக்கை: சீல் எண்ணெய் மாரடைப்பைத் தடுக்கும், இனுயிட் மக்களே சாட்சி.

இன்றைய சீல் எண்ணெய் மாத்திரை வியாபாரம் நிற்பதே இந்தச் சாட்சியின் மேல்தான். 1970களில் டென்மார்க்கின் ஆய்வாளர்கள் பாங், டயர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து மக்களின் ரத்தத்தைச் சோதித்து, கடல் கொழுப்பே இதயத்துக்குக் காவல் என்று கருதினார்கள். ஆனால் அங்கே இதயநோயாளிகள் எத்தனை பேர் என்று அவர்கள் நேரில் கணக்கெடுக்கவில்லை. அரசு சுகாதார அறிக்கைகளை நம்பினார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வு பழைய தரவுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, அங்கும் இதயநோய் மற்றவர்கள் அளவுக்கு இருந்ததாகச் சொன்னது. மறுவருடம், கொழுப்பைக் கையாளும் மரபணுக்களே அம்மக்களிடம் மாறியிருப்பது தெரிந்தது. எண்ணெயில் ஒமேகா-3 இருப்பது நிஜம். அவர்கள் உடம்புக்கு ஒத்தது அப்படியே நமக்கும் ஒத்துவரும் என்பது விளம்பரம்.

நம்பிக்கை: வேட்டை என்றாலே வெள்ளைக் குட்டிகளை அடித்துக் கொல்வது.

கனடா அந்த வணிக வேட்டையை 1987இலேயே தடை செய்துவிட்டது. இனுயிட் மக்கள் முக்கியமாகப் பிடிப்பது ரிங்டு சீல் என்னும் வேறு இனம். பனியில் அது மூச்சுவிட வரும் துளையருகே அசையாமல் காத்திருந்து பிடிப்பார்கள். 1983இல் குட்டித் தோல் இறக்குமதியை ஐரோப்பா தடுத்ததும் எல்லா சீல் தோலின் விலையும் சரிந்தது, அடி இவர்களுக்கும்தான். 2009இல் அங்கே சீல் பொருள்கள் அனைத்துக்கும் வந்த தடையில் இனுயிட்டுகளுக்கு விலக்கு உண்டு. வாங்க ஆளில்லாத சந்தையில் விற்க அனுமதி கொடுத்து என்ன பயன்?

நம்பிக்கை: பாரம்பரியம் என்றால் பயமில்லை.

காற்றுப் புகாமல் மூடிவைத்த சீல் எண்ணெயில் பாட்டுலிசம் நஞ்சு உருவாகலாம். அலாஸ்காவில் இதனால் பலர் நோயுற்றிருக்கிறார்கள். எண்ணெயைச் சூடாக்கி நஞ்சைப் போக்கும் முறை வகுத்த பிறகே, 2021இல், அங்குள்ள கோட்ஸ்பியூ ஊரின் முதியோர் இல்லத்தில் அதைப் பரிமாற அரசு அனுமதித்தது.