கைபேசியில் நம் கடை: படம், வீடியோ எடுக்கப் பழகுவோம்



1989-ம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. பிறகு நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. அந்தக் காலத்தில் குழுவில் சேர்ந்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். "நாங்க முதல்ல கத்துக்கிட்டது கையெழுத்துப் போடறதுதான்" என்பார்கள். கைநாட்டு வைத்த கை கையெழுத்துப் போட்டது. பிறகு தீர்மான நோட்டு, பாஸ்புக், வங்கிக் கடன் எல்லாம் நமக்குக் கைவந்துவிட்டது.

இன்றைக்கு நம் உறுப்பினர்கள் தட்டுவடை போடுகிறோம், வடாம் பிழிகிறோம், பூ கட்டுகிறோம், துணி தைக்கிறோம். பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரிவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். கைபேசியை வைத்து நம் பொருளை நாமே படம் எடுத்து, நாமே பேசி, நாமே விற்பது எப்படி? இது புதுக் கையெழுத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் நமக்காகப் போடக்கூடாது.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

"படிப்பே இல்லை, இதெல்லாம் நமக்கு வருமா?" என்று கேட்கலாம். அகமதாபாத்தில் சேவா என்ற பெண்கள் சங்கம் இருக்கிறது. சுயதொழில் செய்யும் பெண்களுக்காக எலா பட் அவர்கள் 1972-ல் தொடங்கியது. 1984-ல் அமெரிக்காவைச் சேர்ந்த மார்த்தா ஸ்டூவர்ட் என்பவர் அங்கே வந்து, சங்கப் பெண்கள் 20 பேருக்கு மூன்று வாரம் வீடியோ எடுக்கப் பயிற்சி கொடுத்தார். அதில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். காய்கறி விற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேமரா பிடித்து, தாங்கள் கடை போடும் மானெக் சௌக் சந்தையில் வியாபாரிகள் படும் பாட்டைப் படமாக எடுத்தார்கள். 'வீடியோ சேவா' பிறந்தது இப்படித்தான். அந்தக் கேமரா தோளில் தூக்கிச் சுமக்கும் கேமரா. நம் கைபேசியோ முந்தானையில் முடிந்து வைக்கும் அளவுதான்.

இன்னொரு ஊர் தெலுங்கானாவில் ஜஹீராபாத் பக்கத்திலுள்ள பஸ்தாபூர். அங்கே தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் தலித் பெண்கள், கூலி வேலை செய்தவர்கள், வீடியோ எடுக்கக் கற்றார்கள். கேமரா கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். கீழேயிருந்தும் மேலேயிருந்தும் எடுக்கும் கோணங்களுக்கு 'பட்டேல் ஷாட்', 'அடிமை ஷாட்' என்று பெயர்.   கண்ணுக்கு நேராக, சமமாக எடுத்தால் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் சமம் என்பதால் அந்தப் பெயர்.

இந்த மூன்றையும் மனசில் வையுங்கள். உங்களையோ உங்கள் குழு உறுப்பினரையோ படம் எடுக்கும்போது எப்போதும் சங்கம் ஷாட்தான்.

முதலில் என்ன வேண்டும்?

கேமரா உள்ள ஒரு ஸ்மார்ட்போன் போதும். ரிங் லைட், விலை உயர்ந்த கேமரா, மைக் எதுவும் இப்போது வேண்டாம். இதற்காகக் குழுவில் கடன் எடுக்காதீர்கள். மூன்று மாதம் பழகி, ஆர்டர் வந்து, லாபத்திலிருந்து வாங்கினால் அது முதலீடு. பழகும் முன்பே வாங்கினால் வட்டிதான் மிச்சம்.

"உங்க பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்துத் தருகிறோம், பணம் கட்டுங்க" என்று அழைப்பு வரும். வேண்டாம். அப்படிச் சேரும் ஆட்கள் தட்டுவடை வாங்கமாட்டார்கள்.

படம் எடுப்பது எப்படி?

1. லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்க் கை, மாவுக் கை பட்டு மங்கியிருக்கும். பாதிப் படங்கள் கெடுவது இதனால்தான்.

2. வெளிச்சம்தான் பாதி வேலை. காலை 9 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல், திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம். கைபேசியின் பிளாஷ் வேண்டாம். வெளிச்சம் பொருளின் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் முறுக்கின் முள் தெரியும், கொலுசின் வேலைப்பாடு தெரியும்.

3. பின்னால் ஒன்றும் இருக்கக்கூடாது. வெள்ளை வேட்டியோ வாழை இலையோ போதும். கேஸ் சிலிண்டர், துணிக்கொடி, கிடக்கும் செருப்பு தெரிந்தால் வாங்குபவரின் கண் அங்கேதான் போகும்.

4. அளவு தெரியவேண்டும். தட்டுவடையைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். மாலையை ஒருவர் கழுத்தில் போட்டுக் காட்டுங்கள்.

5. ஒரு பொருளுக்கு மூன்று படம். முழுப் பொருள் ஒன்று, பக்கத்தில் போய் ஒன்று, பாக்கெட்டும் லேபிளுமாக ஒன்று. ஜூம் போடாதீர்கள். நீங்களே நடந்து பக்கத்தில் போங்கள்.

30 நொடி வீடியோ

வீடியோ என்றதும் பயம் வேண்டாம். உதாரணத்துக்குத் தட்டுவடையை எடுத்துக்கொள்வோம். மாவைத் தட்டும் கை 8 நொடி. எண்ணெயில் பொரிவது 8 நொடி. கையில் உடைத்துக் காட்டுவது 5 நொடி, அந்த மொறுமொறு சத்தம் கேட்கவேண்டும். பாக்கெட், லேபிள், விலை 9 நொடி. ஆக மொத்தம் 30.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மூன்றுக்கும் கைபேசியை நெட்டுவாக்கில் பிடியுங்கள். கை நடுங்கினால் நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் சாய்த்து வையுங்கள். மின்விசிறி, டிவியை நிறுத்துங்கள். நடுவில் போன் வராமல் இருக்க ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

துண்டுகளை ஒட்டுவதற்கு 'யூடியூப் கிரியேட்' என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. தேவையில்லாததை வெட்டுவது, வரிசைப்படுத்துவது, எழுத்துப் போடுவது, இந்த மூன்று மட்டும் இப்போது கற்றால் போதும். சினிமாப் பாட்டு போடாதீர்கள். அது இன்னொருவர் உரிமை, வீடியோவின் சத்தத்தையே நிறுத்திவிடுவார்கள். உங்கள் குரலே போதும். எப்படிப் பேசுவது?

"வணக்கம்ங்க. நாங்க பனமரத்துப்பட்டி மகளிர் குழு. இது இன்னைக்குக் காலையில போட்ட தட்டுவடை. கடலை எண்ணெய்ல போட்டது. கால் கிலோ பாக்கெட். வேணும்னா இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, ரெண்டு நாள்ல கிடைக்கும்."

அவ்வளவுதான். மேடைப் பேச்சு மாதிரி வேண்டாம். முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் கையையும் பொருளையும் மட்டும் காட்டலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. மற்ற உறுப்பினரின் முகமோ குழந்தையின் முகமோ வருவதானால், அவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும்.

போஸ்டர் செய்வது

'கேன்வா' என்ற செயலியில் தமிழ் எழுத்து உண்டு, இலவசப் பகுதியும் உண்டு. போஸ்டரில் ஐந்து விஷயம் மட்டும் போடுங்கள்: பொருளின் பெயர், ஒரு படம், எடையும் விலையும், ஊர், தொடர்பு எண். பத்து நிறம், பதினைந்து பூ வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கூகுளில் கிடைக்கும் யாரோ ஒருவரின் முறுக்குப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் இல்லாத முறுக்கையும் பளபளவென்று வரைந்து கொடுத்துவிடுகிறது. படத்தில் ஒன்று, பாக்கெட்டில் ஒன்று என்றால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். அவர் பத்துப் பேரிடம் சொல்லும்போது "அந்தக் குழு" என்றுதான் சொல்வார். ஒருவர் போட்ட பொய்ப்படம் குழு முழுவதன் பெயரையும் கெடுக்கும். எழுத்தை அழகாக்க, கணக்குப் போட, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துங்கள். பொருளின் படம் மட்டும் உங்கள் பொருளாகவே இருக்கட்டும்.

எங்கே போடுவது?

எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்கவேண்டாம். முதலில் 'வாட்ஸ்அப் பிசினஸ்' போதும். இலவசம்தான். கடைப் பெயர், நேரம், பொருள் பட்டியல், விலை எல்லாம் அதில் போட்டு வைக்கலாம். சாதாரண வாட்ஸ்அப்பும் இதுவும் ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் கடைக்கென்று தனி சிம் வாங்குவது நல்லது. நீங்கள் ஒரே தடவையில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். எனவே பொருள் கொடுக்கும்போதே "நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லுங்கள்.

அடுத்து, கூகுள் மேப்பில் கடையைப் பதியலாம். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் வீட்டு முகவரியை மறைத்து, எந்தெந்த ஊருக்குக் கொடுப்பீர்கள் என்பதை மட்டும் காட்டலாம். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது அவசியம்.

எல்லாத் தொழிலுக்கும் இது ஒரே மாதிரி உதவாது. நம் பகுதியில் அரளி, குண்டுமல்லி விளைகிறது. பறித்த பூவைச் சேலம் மார்க்கெட்டுக்கு அனுப்பினால் விலையை அங்கே அன்றைய வரத்துதான் முடிவு செய்யும். எவ்வளவு நல்ல படம் போட்டாலும் அந்த விலை ஏறாது. ஆனால் அதே பூவை மாலையாகக் கட்டி, கல்யாண மாலை, கோயில் மாலை, வரவேற்பு மாலை என்று படம் எடுத்து வைத்தால், நேரடி ஆர்டர் வரும். நம் கைவேலைக்குத்தான் படம் உதவும்.

சாவி யார் கையில்?

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. நம் குழுக்களில் பல உறுப்பினர்களின் கடை, மகன் எண்ணில், மகன் மின்னஞ்சலில் ஓடுகிறது. அவர் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போனால் வாடிக்கையாளரும் கூடவே போய்விடுகிறார்கள். மகனிடமும் மகளிடமும் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் சிம் உங்கள் பெயரில், கடவுச்சொல் உங்கள் மனதில், பணம் உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். குழுவாகச் செய்தால் எண்ணும் கணக்கும் யார் பொறுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

• வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, 6 இலக்க எண் வையுங்கள். போனுக்கு வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

• "பெரிய ஆர்டர் தர்றோம், அட்வான்ஸ் அனுப்ப இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் அது மோசடி. பணம் வருவதற்கு யூபிஐ பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம்.

• ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

• தவறான செய்தி, படம் அனுப்பித் தொல்லை கொடுப்பவரைப் பிளாக் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குழுவில் சொல்லுங்கள்.

• உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், 14 இலக்கம், லேபிளில் இருக்கவேண்டும். அந்த லேபிள் படத்தில் தெளிவாகத் தெரியட்டும்.

• "எங்க சிறுதானிய மாவு சாப்பிட்டா சர்க்கரை நோய் போயிடும்" என்று பேசாதீர்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவுப் பொருளைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நோட்டு போடுவோம்

நமக்குக் கணக்கு எழுதத் தெரியும். அதே பழக்கத்தை இங்கும் கொண்டுவருவோம். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, என்ன போட்டோம், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள். பார்த்தவர் 500 என்று சந்தோஷப்பட வேண்டாம். வாங்கியவர் 5 பேர் என்றால் அந்த ஐந்துதான் வியாபாரம். நிறையப் பேர் கேட்டு யாரும் வாங்கவில்லை என்றால் விலையையோ அனுப்பும் செலவையோ பாருங்கள். யாருமே கேட்கவில்லை என்றால் படத்தை மாற்றுங்கள்.

இன்னொன்று. வாரத்துக்கு 20 கிலோதான் போடமுடியும் என்றால் 20 கிலோவுக்குத்தான் ஆர்டர் எடுக்கவேண்டும். 50 கிலோவுக்குச் சரி சொல்லிவிட்டுக் கடைசியில் கையை விரித்தால், கஷ்டப்பட்டுச் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும். தனியாக முடியாவிட்டால் பக்கத்துக் குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டமைப்பு இருப்பது அதற்காகத்தானே.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யார் யாரிடம் சொந்தப் போன் இருக்கிறது? இல்லாதவர்களின் பொருளை யார் படம் எடுத்துத் தருவது?

2. நம் பொருளைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடிய, மற்றவர்கள் சொல்லமுடியாத ஒரு விஷயம் என்ன?

3. கடை எண், கடவுச்சொல், வங்கிக் கணக்கு மூன்றும் இப்போது யார் கையில் இருக்கின்றன?

செய்து பார்ப்போம்

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் மூன்று படமும், ஒரு 30 நொடி வீடியோவும் எடுத்து வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். இதைப் பார்த்தால் காசு கொடுத்து வாங்குவோமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். போன் பிடிக்கத் தயங்கும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அவர் கையிலிருந்து போனை வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்குக் கையெழுத்துப் போடக் கற்றபோது, முதல் எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் அது நம் எழுத்து.