பிரிக்பீல்ட்ஸிலிருந்து சாந்திவனத்துக்கு: துறவு மடத்தில் விருந்தாளியாகத் தங்குவது எப்படி?

ஞாயிறு பூசை முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பாத்திமா மாதா கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “எங்கேயாவது போயி நாலு நாளு சும்மா இருந்துட்டு வரணும்.” பெரும்பாலும் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்கள்தாம். கூட்டத்தில் நேர்த்திக்கடன் தீர்ந்திருக்கும்; மனசு இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு நான் சொல்லும் இடம் சாந்திவனம். திருச்சி – கரூர் சாலையில், குளித்தலைக்குப் பக்கத்துத் தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கிறது. சச்சிதானந்த ஆசிரமம் என்பது அதன் முறையான பெயர். புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றும் கமால்தோலித் துறவிகள் நடத்தும் கத்தோலிக்க மடம் அது.

முதல் வேலை டிக்கெட் வாங்குவது அல்ல, வீட்டிலேயே உட்காரப் பழகுவது. காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, ஒரே ஒரு செபச்சொல்லை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருங்கள். இந்தப் பழக்கத்துக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. 1950களில் பிரிட்டிஷ் அரசுப் பணிக்காக மலாயா வந்த ஜான் மெயின், சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்யானந்தாவிடம் கோலாலம்பூரில்தான் தியானம் கற்றார். பிறகு லண்டனில் பெனடிக்டின் துறவியானார். அவர் பரப்பிய கிறிஸ்தவத் தியானம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவர் பெயரால் 1991இல் அமெரிக்காவில் நடந்த கருத்தரங்கை வழிநடத்தியவர் சாந்திவனத்துத் துறவி பீட் கிரிஃபித்ஸ். நாம் புதிதாக எதையும் கடன் வாங்கப் போகவில்லை.

ஒரு மாதம் இப்படி உட்கார்ந்த பின், ஒரு காலைப்பொழுது கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் பிடித்துச் சிரம்பானிலுள்ள கார்மேல் கன்னியர் மடத்துக்குப் போய்வாருங்கள். அடைப்புக்குள் வாழும் கன்னியர் அவர்கள். சிற்றாலயத்தில் பேசாமல் அரை மணி நேரம் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பெரிய பயணத்துக்குத் தயார்.

அடுத்தது கடிதம். விருந்தினரைக் கவனிக்கும் துறவிக்கு முன்கூட்டியே எழுதி, பதில் வந்த பிறகே விமானத்தைப் பாருங்கள். நீங்கள் யார், எத்தனை பேர், எந்தத் தேதி, ஏன் வருகிறீர்கள், ஏதாவது உடல் உபாதை உண்டா என்று பத்து வரி போதும். ஆணும் பெண்ணும், எந்த மதத்தவரும் தங்கலாம். மூன்று இரவுக்குக் குறைவாகக் கேட்காதீர்கள். முதல் நாள் முழுக்கக் களைப்பிலேயே போய்விடும். கிறிஸ்துமஸ் முதல் பிப்ரவரி வரை இதமான பருவம். சித்திரை வெயிலில் வயதான பெற்றோரை அழைத்துப் போக வேண்டாம்.

மலேசியக் கடப்பிதழுக்கு இந்திய விசா தேவை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். திருச்சிக்கு நேரடி விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். திருச்சியில் கரூர் பேருந்தில் ஏறி, “சாந்திவனத்துல இறக்கிவிடுங்க அண்ணே” என்று நடத்துநரிடம் சொல்லிவைத்தால் போதும். ரயிலை விரும்பினால் குளித்தலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பையில் தோளும் முழங்காலும் மறையும் பருத்தி உடைகள், ஒரு சால்வை, டார்ச் விளக்கு, கொசுவுக்குத் தடவும் களிம்பு, வழக்கமான மருந்துகள். வேறொன்றும் தேவைப்படாது.

வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். கோபுரம் போன்ற நுழைவாயில், உள்ளே விமானம் எழும்பிய கருவறை, அதில் நற்கருணை. முதன்முறை பார்க்கும் நம் கத்தோலிக்கர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. இந்து நண்பர்களில் சிலருக்கும் இது உறுத்தும். இரண்டு தயக்கமும் நியாயமானவைதாம். வரலாறு தெரிந்தால் அந்த இடம் வேறு மாதிரித் தெரியும். ஜூல்ஸ் மோன்ஷனேன், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் 1950 மார்ச் 21 அன்று, புனித பெனடிக்ட் திருநாளில், இதைத் தொடங்கினார்கள். காவி உடுத்தினார்கள், குடிசையில் வாழ்ந்தார்கள், தமிழ்நாட்டு இளைஞர்கள் வந்து சேர்வார்கள் என்று காத்திருந்தார்கள். வந்து நிலைத்தவர் அநேகமாக யாருமில்லை. 1957இல் மோன்ஷனேன் பாரிஸில் இறந்தார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரை ஏற்றிருந்த லெ சோ 1968இல் இமயமலைப் பக்கம் போனார். அதே ஆண்டு கேரளத்தின் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் இரண்டு துறவிகளோடு வந்தார். அதற்குப் பிறகுதான் உலகம் அந்த வாசலுக்கு வரத் தொடங்கியது. ஆட்கள் வரமாட்டார்களா என்று பல ஆண்டு ஏங்கிய வீடு அது. அதனால்தான் அங்கே கிடைக்கும் விருந்தோம்பலை நான் சத்திரத்து உபசாரமாக நினைப்பதில்லை.

இனி வழிபாடு. விடியுமுன்பே மணி அடிக்கும். அன்றாட நேரங்களை வந்த அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைச் செபம்; விடியலிலும் அந்தியிலும் தியானம். திருப்பாடல்களோடு உபநிடதமும் பிற சமய நூல்களும் வாசிக்கப்படும். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு தருவார்கள். சந்தனம் எங்கும் பரவும் இறையருளுக்கு, குங்குமம் அகக்கண் திறப்பதற்கு, நீறு மாசு எரிந்து தீர்ந்ததற்கு என்று பீட் விளக்கியிருக்கிறார். சாம்பல் புதனன்று நெற்றியை நீட்டும் நமக்கு இது அந்நியமில்லை. விருப்பமில்லாவிட்டால் கைகூப்பி நின்றாலே போதும். குளித்தலை வட்டாரத்தில் காலையில் கடம்பவனநாதர், நண்பகலில் அய்யர்மலை, அந்தியில் காவிரிக்கு அக்கரையில் ஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூன்று சிவத்தலங்களைத் தரிசிக்கும் வழக்கம் உண்டு. மூன்று வேளையாய் நாளைக் கட்டுவது அந்த மண்ணின் பழக்கம்.

பூசையில் தண்ணீரும் மலரும் கற்பூர ஆரத்தியும் வரும். இந்திய ஆயர்கள் கேட்ட 12 மாற்றங்களுக்கு 1969இல் ரோம் ஒப்புதல் தந்தது. ஆரத்தியும் அதில் அடக்கம். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணை வாங்க வரிசையில் போகாமல் அமர்ந்த இடத்திலேயே செபிக்கலாம்.

பசியாறுவது முதல் இரவு உணவு வரை எல்லாம் சைவம், தரையில் அமர்ந்து, பேச்சில்லாமல். கால் மடக்க முடியாதவர்கள் கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள். சாப்பிட்டதும் உங்கள் தட்டை நீங்களே கழுவுங்கள். காய் நறுக்க ஆள் வேண்டுமென்றால் முதல் ஆளாய்ப் போய் உட்காருங்கள். நான்கு பேரோடு வெண்டைக்காய் நறுக்கும்போது வரும் பேச்சு எந்தத் தியான வகுப்பிலும் வராது. துறவியிடம் மனம்விட்டுப் பேச விரும்பினால் முன்னமே நேரம் கேளுங்கள். கோயிலை ஒட்டிய பீட் கிரிஃபித்ஸ் கல்லறையருகே, 1993 முதல் அவர் உறங்கும் இடத்தில், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். கைப்பேசியைப் பையிலேயே வையுங்கள். மாலையில் ஒருமுறை வீட்டுக்குச் சொல்லிக்கொண்டால் போதும்.

அங்கே தங்குவதற்கான கட்டணப் பட்டியலைத் தேடாதீர்கள். பெனடிக்டின் ஒழுங்கில் 53ஆம் அதிகாரம் முழுக்க விருந்தினரைப் பற்றியது. வருகிறவரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது, அதிலும் ஏழைகளையும் யாத்திரிகர்களையும் தனிக் கவனத்தோடு. கிறிஸ்துவுக்கு யாரும் பில் போடுவதில்லை. ஆனால் அரிசியும் மின்சாரமும் காசுக்குத்தான் வருகின்றன. எளிய விடுதியில் தங்கினால் உண்டியும் உறையுளும் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, வெள்ளியை முன்பே ரூபாயாக மாற்றி, அதற்குக் குறையாமல் உறையில் வைத்துக் கொடுங்கள். வசதியுள்ளவர்கள் கூடுதலாக வைத்தால், கையில் காசில்லாமல் வருகிற ஒருவர் தங்குவதற்கு அது உதவும்.

புறப்படும் நாளில் படுக்கை விரிப்பை உருவி மடித்து வைத்து, அறையைப் பெருக்கி, குளியலறை வாளியில் தண்ணீர் நிரப்பிவிட்டு, சாவியை விருந்தினர் துறவியின் கையில் கொடுங்கள். அன்று மதியமே வேறொருவர் அந்த அறைக்கு வரக்கூடும்.