தாலி மருந்தாகாது

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமை பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசி முடித்தாலும், யாராவது ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இதைச் சொல்லாமல் போவதில்லை. "வெளிய தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கையே போயிடும்மா. பேசாம விட்டா மறந்துடும். ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்."

சரியாகாது. இத்தனை வருஷமாகப் பதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது கோபமாகவே சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஊரும் பள்ளியும் வேண்டாம். உன்னிடம் உனக்குப் பிடித்த மூன்று விஷயங்களை எழுது என்று தாளைக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது மூன்று வரியும் காலி. மேலே எழுதியிருந்த தன் பெயரையும் தாள் கிழியும் அளவுக்கு அடித்து வைத்திருந்தாள். "நான்தானே மிஸ் அவங்க வீட்டுக்குப் போனேன்" என்றாள். வீட்டில் அவளிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்: "நீ ஏன்டி அங்க போன?"

ஃபிங்கெல்ஹோர், பிரௌன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் இந்தக் காயத்தை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள்: பாலுணர்வு தடம் மாறுவது, நம்பியவர் செய்த துரோகம், தன்னால் தடுக்க முடியவில்லை என்ற இயலாமை, தான் கறைபட்டவள் என்ற எண்ணம். சுயமதிப்பை அரிப்பது நாலாவது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் நாம்தான். "யார்கிட்டயும் சொல்லாத" என்றால், இது சொல்லக்கூடாத அசிங்கம், அந்த அசிங்கம் நான் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்கிறது. மறக்கவில்லை. ஓயாத தலைவலி, திடீர் மயக்கம், சரியும் மார்க், பிளேடால் கையைக் கீறுவது என்று வெளியே வருகிறது. வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள்!

தேறவே முடியாது என்பதும் பொய். 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 1993-ஆம் ஆண்டுக் கட்டுரையில், பாதிக்கப்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினரிடம் அறிகுறியே தென்படவில்லை. தாய் நம்பித் துணைநின்ற பிள்ளைகள் சீக்கிரம் தேறினார்கள்.

கல்யாணத்துக்கு, அதாவது செய்தவனோடே சமரசம் பேசி முடிப்பதற்கு, வருகிறேன். பக்கத்துக் கடலூர் மாவட்டத்து வழக்கு ஒன்று. சிறுமியாக இருந்தபோது தன்னைப் பலாத்காரம் செய்து தண்டனை பெற்றவரோடு சமரசம் பேசும்படி ஒரு பெண்ணுக்கு 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே வழிகாட்டியது, அவருக்கு ஜாமீனும் தந்தது. பேசமாட்டேன் என்று அந்தப் பெண் உறுதியாக நின்றார். பலாத்கார வழக்கில் சமரசத்துக்கே இடமில்லை என்று ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. 18 வயது நிரம்பாத மனைவியோடு உறவு கொள்வதும் பலாத்காரமே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு நீங்கள் கட்டிவைக்கும் தாலி இரண்டாவது குற்றம், அவ்வளவுதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில். வெளியாள்தான் செய்வானா? 12,447 குழந்தைகளிடம் பேசிய மத்திய அரசின் 2007 ஆய்வில், செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். பையன்களுக்கு நடக்காதா? அதே ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். ஏன் கத்தவில்லை? பயத்தில் உடம்பு உறைந்துபோகும். புகார் கொடுத்தால் பெயர் பேப்பரில் வருமா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அதைத் தடை செய்கிறது. வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் வரக்கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

இன்னொன்றையும் கேட்டு ஓய்ந்துபோயிருக்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் கதவுள்ள ஓர் அறை வேண்டும். இப்போது லேபின் மூலையிலும் வேப்பமரத்தடியிலும் பிள்ளைகளோடு பேசுகிறேன், பத்தடி தள்ளி சத்துணவுக்கு வரிசை நிற்கிறது. எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? ஸ்மார்ட் போர்டு அப்புறம் வரட்டும்.

உங்கள் பிள்ளை வந்து சொன்னால் "ஏன் போன" என்று கேட்காதீர்கள். "உன்மேல தப்பே இல்ல" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். ராத்திரி ஆனாலும் எடுப்பார்கள்.