துறவு கோழைத்தனமா?

கேள்வி: குடும்பப் பொறுப்புக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்குக் காவி ஒரு மறைவிடம்தானே?

பதில்: ஓடிப்போகிறவன் சொல்லாமல் போவான்; சந்நியாசி சடங்கு செய்து, சாட்சி வைத்துப் போகிறார். துறவு ஏற்கும் நாளில் தமக்குத் தாமே சிராத்தம் செய்துகொள்வதும், விரஜா ஹோமம் வளர்ப்பதும் மரபு. பழைய ஆள் இறந்துவிட்டான் என்பதே அதன் பொருள். இந்து சட்டமும் இதை ஏற்று, முறைப்படி துறந்தவர் பூர்விகச் சொத்தில் உரிமை இழக்கிறார் என்றது. காவி கட்டியது மட்டும் போதாது, சடங்கு நடந்ததற்குச் சான்று வேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்டதும் அதனால்தான். சொத்தையும் விட்டுவிட்டுப் போவதைச் சுகம் தேடும் வழி என்று எப்படிச் சொல்வது?

'உழைக்காமல் பிச்சையில் வாழ்கிறார்களே' என்பீர்கள். பிச்சைக்கும் கட்டுப்பாடு உண்டு: சேர்த்து வைக்கக் கூடாது, ஓரிடத்தில் தங்கிவிடக் கூடாது, மழைக்கால சாதுர்மாஸ்யம் மட்டுமே விலக்கு. துறந்தாரைத் தாங்குவது இல்லறத்தான் கடமை என்கிறார் வள்ளுவர். அந்த உறவு சமூகத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. 1897-இல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கிய விவேகானந்தர், துறவியின் கையில் பள்ளியையும் மருத்துவமனையையும் கொடுத்தார். போலிகள் இல்லையா? உண்டு. துறவறவியலிலேயே 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரம் வைத்து அவர்களைச் சாடியவரும் அதே வள்ளுவர்தான். கள்ளநோட்டு புழங்குவது, நல்ல நோட்டுக்கு மதிப்பு இருப்பதால்தான்.